எதை உருப்போடுவது, எதை வருவிப்பது?
மேல்நிலை வேதியியல் திருப்புதல் பற்றி ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வேதியியல் என்றால் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 30 பாடங்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் 2018-லும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-லும் வந்தன. பிளஸ் டூ எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் கேள்விகள் 15. இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பதுக்கு ஆறும், மூன்று மதிப்பெண் பகுதியில் ஒன்பதுக்கு ஆறும் எழுத வேண்டும். கடைசியில் ‘அல்லது’ போட்ட ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்து. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகள் இரண்டிலும் தலா ஒரு கட்டாயக் கேள்வி உண்டு. அது பெரும்பாலும் கணக்காக இருக்கும், அல்லது கொஞ்சம் யோசித்து எழுத வேண்டியதாக இருக்கும்.

திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இவ்வளவையும் எப்படிப் படித்து முடிப்பது?” கிடைக்கும் பதில்கள் இரண்டு வகை. புக் பேக் கேள்விகளையும் பழைய வினாத்தாள்களையும் அப்படியே உருப்போடு, சென்டம் வரும் என்பது ஒன்று. புரிந்து படித்தால் மனப்பாடமே வேண்டாம் என்பது மற்றொன்று. முதல் பதில் ஒரு கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலே கைவிட்டுவிடும். இரண்டாவது பதில் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கலீனா எந்த உலோகத்தின் தாது என்பதை எவ்வளவு ‘புரிந்து’ படித்தாலும் வருவிக்க முடியாது.

வேதியியலில் உள்ள செய்திகள் இரண்டு வகைப்பட்டவை. சிலவற்றை ஒரு காரணத்திலிருந்து வெள்ளைத்தாளில் வருவித்துக்கொள்ளலாம். சிலவற்றை நினைவில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவ்விரண்டையும் பிரிப்பதே திருப்புதலின் முதல் வேலை. முதல் வகையை உருப்போடுபவர் நேரத்தை வீணாக்குகிறார். இரண்டாம் வகையைப் ‘புரிந்துகொள்ள’ முயல்பவரும் அப்படித்தான். கனிம, கரிம, வளிமண்டல வேதியியல் மூன்றிலும் இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறதி பற்றி ஆய்வுகள் சொல்வது

மறதியை முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885-ல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது. இடைவெளி விட்டுப் படித்தது அதிக நாள் நிற்கிறது. இந்த இரண்டு முடிவுகளும் இன்றுவரை நிற்கின்றன.

அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-ல் செய்த சோதனை நம் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு குழு ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்தபின் மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முந்தியது. இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்த குழு முந்திவிட்டது. தேர்வுக்கு முந்தைய இரவு புத்தகத்தைப் புரட்டும்போது “எல்லாம் தெரிகிறதே” என்று தோன்றுவதற்கும், வினாத்தாளைப் பார்த்ததும் ஒன்றும் வராமல் போவதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது. கண்ணுக்குப் பழகியது கைக்கு வந்ததாகாது.

டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசையில் நின்றன. மாணவர்கள் அதிகம் நம்பும் மறுவாசிப்பும், வரிகளுக்கு வண்ணம் பூசுவதும் கீழ் வரிசைக்குப் போயின.

இதை அப்படியே வேதியியலுக்குப் பொருத்தும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதிப் பார்ப்பதே சிறந்தது என்றால், புரியாத சமன்பாட்டை நூறுமுறை எழுதிப் பார்ப்பதும் சிறந்ததா? கிளாஸ்கோவைச் சேர்ந்த வேதியியல் கல்வியாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன், வேதியியல் கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம் அது ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் பேசுவதுதான் என்றார். கண்ணால் பார்ப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அணுக்களும் மூலக்கூறுகளும் இரண்டு, தாளில் எழுதும் குறியீடுகள் மூன்று. ஆசிரியர் மூன்றுக்கும் இடையே சரளமாகத் தாவுகிறார். மாணவர் மூன்றாவதில் மட்டும் நின்றுவிடுகிறார். நரன்பெர்னும் பிக்கரிங்கும் 1987-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. வாயு விதிகளில் கணக்குப் போடத் தெரிந்த மாணவர்கள் பலருக்கு, அதே நிலைமையை மூலக்கூறுப் புள்ளிகளாக வரைந்து காட்டியபோது சரியான படத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

ஆகவே வெள்ளைத்தாள் சோதனை அவசியம். ஆனால் தாளில் சமன்பாட்டை மட்டும் எழுதினால் போதாது, பக்கத்தில் “ஏன்?” என்பதற்கு ஒரு வரியும் வர வேண்டும். அந்த வரி வந்தால் அது வருவிக்கும் வகை. வராது, வரவும் முடியாது என்றால் அது நினைவில் வைக்கும் வகை.

கனிம வேதியியல்: பட்டியலுக்குள் இருக்கும் காரணம்

கனிம வேதியியலைத்தான் ‘வெறும் மனப்பாடம்’ என்று அதிகம் குறை சொல்கிறார்கள். ஆனால் அதன் மிகப்பெரிய நினைவுக் கருவியான தனிம அட்டவணை ஒரு பாடப்புத்தகத்தை ஒழுங்குபடுத்தும் தேவையிலிருந்து பிறந்தது. 1869-ல் மெண்டலீவ் ரஷ்ய மாணவர்களுக்காக வேதியியல் நூல் எழுதிக்கொண்டிருந்தார். தனிமங்களை எந்த வரிசையில் சொல்வது என்ற சிக்கலுக்கு விடை தேடும்போதுதான் அட்டவணை உருவானது. அதில் காலியிடம் விட்டு, அலுமினியத்துக்குக் கீழே வரவேண்டிய தனிமத்தின் அடர்த்தி ஏறத்தாழ 5.9 இருக்கும் என்றார். 1875-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லெகோக் த புவபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தியை 4.7 என்று அளந்தார். மெண்டலீவ் மீண்டும் அளக்கச் சொன்னார். திருத்திய அளவு 5.9 ஆக வந்தது. அட்டவணையைத் திருப்பும் மாணவரும் இதையே செய்யலாம். ஒரு தொகுதியில் நடுத் தனிமத்தை மறைத்துவிட்டு, மேலும் கீழும் உள்ளவற்றை வைத்து அதன் பண்புகளை எழுதி, பிறகு சரிபார்க்க வேண்டும். விதிக்கு அடங்காத இடங்கள் அப்போது தாமாகத் தெரியும். தாலியம் +1 நிலையையும் காரீயம் +2 நிலையையும் விரும்புவது போன்ற அந்த விலகல்களே கேள்வியாக வருகின்றன.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அமில ஊடகம், நடுநிலை ஊடகம், கார ஊடகம் என்று மூன்று தலைப்பு, அவற்றின் கீழ் ஒரு டஜன் சமன்பாடு என்றுதான் பலர் இதை உருப்போடுகிறார்கள். நினைவில் வைக்க வேண்டியதோ மூன்றே செய்தி. மாங்கனீசு +7-ல் தொடங்கி, அமிலத்தில் +2-க்கும், நடுநிலையில் +4-க்கும், வலுவான காரத்தில் +6-க்கும் இறங்குகிறது. மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல். ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்க ஐந்து எலக்ட்ரான். நான்கு ஆக்சிஜனும் நான்கு நீர் மூலக்கூறாக வெளியேற எட்டு ஹைட்ரஜன் அயனி. ஓர் ஃபெரஸ் அயனி ஓர் எலக்ட்ரான்தான் தரும் என்பதால் ஐந்து ஃபெரஸ் வேண்டும். ஓர் ஆக்சலேட் இரண்டு தரும் என்பதால் ஐந்து ஆக்சலேட்டுக்கு இரண்டு பெர்மாங்கனேட். சமான எடையும் இதிலிருந்தே வருகிறது. மூலக்கூறு எடை 158. அதை ஐந்தால் வகுத்தால் 31.6, மூன்றால் வகுத்தால் 52.67, ஒன்றால் வகுத்தால் 158.

ஆய்வகத்தில் தரம்பார்க்கும்போது கேட்கப்படும் வாய்மொழிக் கேள்விகளும் இதே புள்ளியைச் சுற்றியே வரும். ஏன் நீர்த்த கந்தக அமிலம், ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது? பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றிவிடும். பியூரெட் அளவு கூடிப்போகும். ஏன் நைட்ரிக் அமிலம் கூடாது? அதுவே ஓர் ஆக்சிஜனேற்றி, அளவு குறைந்துபோகும். ஏன் தனியாக நிறங்காட்டி வேண்டாம்? கரைசல் ஒரு சொட்டு மிகுந்தாலே வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்துவிடும். டி ஆர்பிட்டாலில் எலக்ட்ரானே இல்லாத மாங்கனீசுக்கு அவ்வளவு அடர்ந்த ஊதா நிறம் எப்படி வந்தது என்பது மட்டும் வேறு கணக்கு. அங்கே டி–டி தாவல் கிடையாது. ஆக்சிஜனிலிருந்து மாங்கனீசுக்கு நடக்கும் மின்சுமை மாற்றமே காரணம். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

உலோகவியலிலும் இப்படித்தான். எல்லிங்ஹாம் வரைபடத்தை வரைந்து பழகுவதைவிட ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்: கார்பன் மோனாக்சைடு கோடு மட்டும் ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது? பெரும்பாலான உலோகங்கள் ஆக்சிஜனோடு சேரும்போது வாயு மறைந்து திண்மம் உண்டாகிறது. என்ட்ரோபி குறைவதால் கோடு மேலே ஏறும். கார்பன் எரியும்போதோ ஒரு பங்கு ஆக்சிஜன் வாயு போய் இரண்டு பங்கு மோனாக்சைடு வாயு வருகிறது. என்ட்ரோபி கூடுவதால் கோடு இறங்கும். இறங்கும் கோடு ஏறும் கோட்டை வெட்டும் இடத்துக்கு அப்பால் கார்பன் அந்த உலோக ஆக்சைடை ஒடுக்கும். அலுமினியத்துக்கு அந்த வெட்டும் புள்ளி மிக உயரத்தில் இருப்பதால்தான் 1886-ல் ஹாலும் எரூவும் கண்ட மின்னாற்பகுப்பு முறை தேவைப்பட்டது.

தாதுக்களின் பெயர்கள், வினைவேக மாற்றிகள், நிறங்கள், வெப்பநிலைகள் ஆகியவை உருப்போட வேண்டியவை. இவற்றையும் இடத்தோடு சேர்த்து வைத்தால் நினைவில் தங்கும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் கிடைக்கின்றன. டைட்டானியத்தை அயோடினோடு சேர்த்து ஆவியாக்கித் தூய்மையாக்கும் வான் ஆர்க்கெல் முறைக்கும், மோனசைட்டிலிருந்து வரும் லாந்தனைடுகளுக்கும் அதைவிட நல்ல நினைவுக்குறி கிடையாது. தங்கத்தைச் சயனைடில் கரைத்தெடுப்பது என்றதும் கோலார் நினைவுக்கு வரட்டும். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன.

கரிம வேதியியல்: பெயர் வினைகளின் கூட்டம்

கரிம வேதியியலில் மாணவர்களை மிரட்டுவது பெயர் வினைகள். ஆல்டால், கான்னிசரோ, பெர்கின், நோவனகெல், கிளெய்சன்–ஸ்மிட், ஹெல்–வோல்ஹார்ட்–ஜெலின்ஸ்கி என்று ஒரே பாடத்தில் வரிசையாக வருகின்றன. கைடுகள் இவற்றை அகர வரிசையில் அல்லது புத்தக வரிசையில் அடுக்கித் தருகின்றன. அந்த அடுக்கு முறையே தவறு.

இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரிப்பது ஒரே கேள்வி: கார்பனைல் தொகுதிக்கு அடுத்த கார்பனில், அதாவது ஆல்ஃபா கார்பனில், ஹைட்ரஜன் உண்டா இல்லையா? அசிட்டால்டிஹைடில் உண்டு. நீர்த்த காரம் அந்த ஹைட்ரஜனைப் பறிக்கிறது. கார்பன் எதிரயனி பிறக்கிறது. அது இன்னொரு மூலக்கூறின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது. கிடைப்பது ஆல்டால், சூடாக்கினால் நீர் போய் இரட்டைப் பிணைப்பு வரும். ஃபார்மால்டிஹைடிலும் பென்சால்டிஹைடிலும் ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லை. பறிக்க ஒன்றுமில்லாததால், அடர் காரத்தின் ஹைட்ராக்சைடு நேரே கார்பனைல் கார்பனில் போய் அமர்கிறது. அங்கிருந்து ஹைட்ரைடு ஒன்று கிளம்பி அடுத்த மூலக்கூறுக்குப் போகிறது. ஒரு மூலக்கூறு அமிலத்தின் உப்பாகிறது, மற்றொன்று ஆல்கஹாலாகிறது. அதுதான் கான்னிசரோ.

இந்தப் படம் மனதில் நின்றுவிட்டால் மற்றவை எளிது. பெர்கின் வினையில் எதிரயனியைத் தருவது அசிட்டிக் நீரிலி. நோவனகெலில் மலோனிக் அமிலம். கிளெய்சன்–ஸ்மிட்டில் அசிட்டோஃபீனோன் போன்ற கீட்டோன். மூன்றிலும் தாக்கப்படுவது ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத பென்சால்டிஹைடு. ஹெல்–வோல்ஹார்ட்–ஜெலின்ஸ்கி வினையிலும் ஹாலஜன் போய் உட்காருவது அமிலத்தின் ஆல்ஃபா கார்பனில்தான். ஐந்தாறு பெயரை ஐந்தாறு தனி வினைகளாகப் படிக்க வேண்டியதில்லை.

ஐந்து மதிப்பெண்ணில் வரும் ‘அ, ஆ, இ கண்டுபிடி’ வகைக் கேள்விக்கும் இந்தப் பயிற்சியே கை கொடுக்கும். ஓர் உதாரணம். ‘அ’ என்ற சேர்மத்தில் கார்பன் 7, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 1. சோடியத்தோடு ஹைட்ரஜனைத் தருகிறது. ஃபெரிக் குளோரைடோடு நிறம் தரவில்லை. மிதமாக ஆக்சிஜனேற்றினால் ‘ஆ’ கிடைக்கிறது. ‘ஆ’ டாலன்ஸ் கரணியில் வெள்ளி ஆடி தருகிறது. அடர் காரத்தில் ‘அ’வையும் ‘இ’ என்ற உப்பையும் தருகிறது.

விடையை ஊகித்துவிட்டுப் பின்னால் சரிபார்ப்பதைவிட, குறிப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவது நல்லது. ஏழு கார்பனுக்கு எட்டே ஹைட்ரஜன் என்றால் நிறைவுறாமை நான்கு. பென்சீன் வளையம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. வளையம் போக மிச்சம் ஒரு கார்பனும் ஓர் ஆக்சிஜனும். அப்படியானால் அனிசோல், கிரசால்கள், பென்சைல் ஆல்கஹால் ஆகியவையே வாய்ப்பு. சோடியத்தோடு ஹைட்ரஜன் வந்ததால் அனிசோல் போனது. ஃபெரிக் குளோரைடோடு நிறம் வராததால் கிரசால்கள் போயின. ‘அ’ பென்சைல் ஆல்கஹால், ‘ஆ’ பென்சால்டிஹைடு, ‘இ’ சோடியம் பென்சோயேட். திருத்துபவர் மதிப்பெண் தருவது இந்தக் கழித்தல் வரிகளுக்கும் சேர்த்துத்தான். வெறும் மூன்று பெயர் எழுதிவிட்டு வருபவர் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருகிறார்.

இங்கே உருப்போட வேண்டியது கரணிகளை. கார்பனைல் தொகுதியை மெத்திலீனாக்கக் கிளெமென்சன் ஒடுக்கத்தில் துத்தநாக இரசக்கலவையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். உல்ஃப்–கிஷ்னரில் ஹைட்ரசீனும் காரமும். ரோசன்முண்டுக்குப் பேரியம் சல்பேட்டில் படிந்த பல்லேடியம். லூகாஸ் சோதனையில் மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணையம் ஐந்து பத்து நிமிடத்தில், ஓரிணையம் அறை வெப்பநிலையில் கலங்காது. கிளெமென்சன் அமிலத்தில், உல்ஃப்–கிஷ்னர் காரத்தில் நடக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு காரணக் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். மூலக்கூறின் மற்றப் பகுதி எதைத் தாங்காதோ அதைத் தவிர்க்கத்தான் இரண்டு வழி.

வளிமண்டல வேதியியல்: கடைசிப் பாடத்தின் மதிப்பு

பதினொன்றாம் வகுப்பின் பதினைந்தாவது, அதாவது கடைசிப் பாடம் சுற்றுச்சூழல் வேதியியல். கடைசியில் இருப்பதாலும் ‘கதை மாதிரி’ இருப்பதாலும் பலரும் இதை ஒருமுறை வாசித்துவிட்டு விடுகிறார்கள். ஆனால் முன்னே படித்த வேதியியல் முழுவதும் ஒரே இடத்தில் வேலை செய்வது இந்தப் பாடத்தில்தான்.

நைட்ரிக் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். ஒளிவேதிப் பனிப்புகையில் வருகிறது, அமில மழையில் வருகிறது, ஓசோன் படலச் சிதைவிலும் வருகிறது. தரைக்கருகே ஓசோனை உண்டாக்குகிறது என்று ஒரு பக்கமும், மேலே ஓசோனை அழிக்கிறது என்று இன்னொரு பக்கமும் படிக்கும் மாணவர் குழம்புவது இயல்பு. குழப்பத்தைத் தீர்க்க ஐந்து வினைகள் போதும். கீழே, சூரிய ஒளி நைட்ரஜன் டையாக்சைடைப் பிளந்து ஓர் ஆக்சிஜன் அணுவைத் தருகிறது. அது ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. அந்த ஓசோனை நைட்ரிக் ஆக்சைடு திரும்பவும் விழுங்கி டையாக்சைடாகிவிடும்; ஆகவே இவை மட்டும் இருந்தால் ஓசோன் சேராது. வண்டிப்புகையின் ஹைட்ரோகார்பன்களிலிருந்து பிறக்கும் பெராக்சி உறுப்புகள் ஓசோனைச் செலவிடாமலே நைட்ரிக் ஆக்சைடை டையாக்சைடாக்கிவிடுகின்றன. அதனால்தான் ஓசோன் தேங்குகிறது. மேலே அடுக்கு மண்டலத்தில் தனி ஆக்சிஜன் அணுக்கள் ஏராளம். நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தாக்கி டையாக்சைடாகிறது; டையாக்சைடு ஆக்சிஜன் அணுவோடு வினைபுரிந்து மறுபடி நைட்ரிக் ஆக்சைடாகிறது. இழப்பு ஓசோனுக்கு மட்டும். மூலக்கூறு மாறவில்லை, உடன் இருப்பவை மாறின.

குளோரினின் வேலையும் இதே மாதிரி. குளோரோஃபுளோரோகார்பன்கள் மேலே போய்ப் பிளந்து குளோரின் அணுவைத் தருகின்றன. அது ஓசோனைத் தாக்கியபின் மீண்டும் பிறக்கிறது. ஓர் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும் என்ற கணக்கை உருப்போடுவதைவிட, ‘இது வினைவேக மாற்றி, செலவாகாது’ என்று வேகவியல் பாடத்தோடு சேர்த்து எழுதுவது மேல். மோலினாவும் ரோலண்டும் இதை 1974-ல் முன்கூட்டிச் சொன்னார்கள். 1985-ல் அண்டார்டிகாவில் ஓசோன் துளையை ஃபார்மனும் உடன் பணியாற்றியவர்களும் அறிவித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. 1995-ல் மோலினாவுக்கும் ரோலண்டுக்கும், இன்னொரு வளிமண்டல வேதியியலாளரான க்ருட்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த நான்கு ஆண்டுகளும் நினைவில் வைக்கத் தக்கவை.

ஓசோன் துளையும் புவி வெப்பமாதலும் ஒன்றே என்று எழுதுவது விடைத்தாள்களில் வழக்கமான தவறு. இரண்டும் வேறு. முன்னது புற ஊதாக் கதிர் உள்ளே வருவது பற்றியது. பின்னது அகச்சிவப்புக் கதிர் வெளியேறாமல் தங்குவது பற்றியது. இரண்டும் சந்திக்கும் இடம் குளோரோஃபுளோரோகார்பன். அதுவும் பசுமை இல்ல வாயு என்று 1975-ல் காட்டியவர் சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன்.

இரண்டு வகைப் பனிப்புகையையும் இப்படியே ஊர் வைத்துப் பிரிக்கலாம். 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும்; குளிர், ஈரம், கந்தக டையாக்சைடு; ஆகவே ஒடுக்கும் தன்மை. லாஸ் ஏஞ்சலிஸில் வெயில், வறட்சி, வண்டிப்புகை, ஓசோன்; ஆகவே ஆக்சிஜனேற்றும் தன்மை. அமில மழையின் எல்லை பிஎச் 5.6 என்பதும் வருவிக்கக்கூடியதே. தூய மழைநீரிலும் காற்றின் கார்பன் டையாக்சைடு கரைவதால் அது ஏழில் நிற்பதில்லை. அந்த இயல்பான அமிலத்தன்மைக்கும் கீழே போனால்தான் அமில மழை.

பாடங்களைக் குறுக்கே வெட்டும் திருப்புதல்

மூன்று பிரிவையும் தனித்தனியே முடித்தபின் ஒருமுறை ஒரு தனிமத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாடங்களிலும் போய்வர வேண்டும். கந்தகம் நல்ல தொடக்கம். சல்ஃபைடு தாது நுரை மிதப்பில் அடர்ப்பிக்கப்படுகிறது. வறுக்கும்போது கந்தக டையாக்சைடு வெளியேறுகிறது. அதைப் பிடித்து வனேடியம் பென்டாக்சைடு மேல் செலுத்தினால் தொடு முறையில் கந்தக அமிலம். பிடிக்காமல் புகைக்கூண்டில் விட்டால் அதே அமிலம் மழையில் இறங்கிச் சலவைக்கல்லை ஜிப்சமாக்குகிறது. உலோகவியல், பி-தொகுதி, இடைநிலைத் தனிமங்கள், சுற்றுச்சூழல் நான்கும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன.

நைட்ரஜன் இன்னும் நீளமான வழி. ஹேபர் முறையில் அம்மோனியா, அதற்கு இரும்பு. ஆஸ்ட்வால்ட் முறையில் நைட்ரிக் ஆக்சைடு, அதற்குப் பிளாட்டினம். அங்கிருந்து நைட்ரிக் அமிலம். அடர் கந்தக அமிலத்தோடு சேர்ந்து பென்சீனை நைட்ரோபென்சீனாக்குவது. வெள்ளீயமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அதை அனிலீனாக்குவது. 273 முதல் 278 கெல்வினில் டையசோனியம் உப்பு. பீட்டா நாஃப்தாலோடு ஆரஞ்சுச் சிவப்புச் சாயம். இந்த வழியில் எங்கே தடுக்கிறதோ அந்தப் பாடம்தான் இன்னும் படிக்க வேண்டியது. எந்த மாதிரித் தேர்வும் இவ்வளவு சீக்கிரம் அதைக் காட்டாது.

எதிர்வாதங்கள்

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது முதல் ஆட்சேபம். நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, வேதியியலுக்கு 45. நிமிடத்துக்கு ஒன்று என்னும்போது உட்கார்ந்து வருவிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஏழெட்டு முறை வருவித்தது ஒன்பதாம் முறை நினைவாகவே வந்து நிற்கும். வேகம் அப்படித்தான் வரும். முதல் முறையே உருப்போட்டது வேகமாக வரும், ஆனால் சற்றே மாறிய கேள்வியில் வேகமாகத் தவறும்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. மெல்லக் கற்கும் மாணவருக்கு இலக்கு தேர்ச்சி. எழுத்துத் தேர்வில் 15, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து மொத்தம் 35 என்பதுதான் அவர்முன் நிற்கும் எண். அவரிடம் ஆல்ஃபா ஹைட்ரஜன் கதை சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. பெர்மாங்கனேட் போல, ஒரு காரணத்துக்குப் பல கேள்வி தரும் இடங்களை மட்டும் பொறுக்கித் தர வேண்டும். மனப்பாடக் கையேடு அவர் சுமையைக் குறைப்பதுபோலத் தோன்றினாலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐம்பது வரிகளை அவர் தலையில்தான் ஏற்றுகிறது.

மூன்றாவது, வினாத்தாளே மனப்பாடத்துக்குப் பரிசு தருகிறது என்பது. இதை மறுக்க முடியாது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்வி எழுத்து மாறாமல் வருமானால், அதை உருப்போடும் மாணவரை முட்டாள் என்று சொல்ல நியாயமில்லை. பள்ளித் திருப்புதல் தேர்வுகளைத் தயாரிக்கும் ஆசிரியர்கள் பொதுத்தேர்வுக்குக் காத்திராமல் ஒன்று செய்யலாம்: பின்பக்கக் கேள்வியின் சேர்மத்தை மட்டும் மாற்றிக் கேட்கலாம். அசிட்டால்டிஹைடுக்குப் பதில் 2,2-டைமெத்தில்புரொப்பனால் போட்டாலே யார் வருவிக்கிறார், யார் ஒப்பிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

நடைமுறை

ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு நோட்டு வைத்தால் போதும். ஒன்றில் காரணங்கள்: ஒரு பாடத்துக்கு ஆறேழுக்கு மேல் போகாது. மற்றதில் உருப்போட வேண்டியவை: தாது, கரணி, நிறம், ஆண்டு, வெப்பநிலை. காரண நோட்டை வாசிக்கக் கூடாது. தலைப்பை மட்டும் பார்த்து வெள்ளைத்தாளில் எழுதி, சிவப்பு மையால் திருத்த வேண்டும். உருப்போடும் நோட்டை ஒரே நாளில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளாமல், பல நாட்களில் பத்துப் பத்து நிமிடமாகப் பரப்ப வேண்டும். தேர்வு தூரத்தில் இருக்கும்போது இடைவெளி அகலமாக இருக்கலாம். நெருங்க நெருங்கச் சுருங்கட்டும். ஒரே நாளில் கனிமம் மட்டும், மறுநாள் கரிமம் மட்டும் என்று ஒதுக்காமல் கலந்து வைப்பதும் நல்லது. வினாத்தாளில் பாடத்தின் பெயர் அச்சிட்டிருக்காது. எந்தக் காரணத்தை எடுப்பது என்பதும் பயிற்சியில் வர வேண்டிய திறமையே.

திருப்புதல் முன்னேறுகிறதா என்பதை எத்தனை பக்கம் முடிந்தது என்று பார்த்து அளக்க வேண்டாம். உருப்போடும் நோட்டு வாரத்துக்கு வாரம் மெலிகிறதா என்று பார்த்தால் போதும். முதல் வாரம் அதில் இருந்த சமன்பாடு ஒன்றுக்குக் காரணம் பிடிபட்டதும் அது அங்கிருந்து அடிக்கப்பட்டுக் காரண நோட்டுக்குப் போக வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் கையில் மிஞ்சுவது பாடத்துக்கு ஒரு பக்கம் என்றால், அந்த மாணவர் வேதியியலைத் திருப்பியிருக்கிறார். அதே பழைய கனத்தில் இருந்தால், புத்தகத்தைத்தான் புரட்டியிருக்கிறார்.